கொல்லைக்குப் பின்னால் மெக்சிகோ

எனக்குச் சர்க்கரை இருப்பதாக ரிசல்ட் வந்த வாரம், சிதம்பரத்திலிருந்து என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு பாட்டிலோடு வந்தான். அகாவே தேன் என்றான். மெக்சிகோவில் ஒரு செடியிலிருந்து எடுப்பதாம். முழுக்க இயற்கையாம், சர்க்கரைக்குப் பதில் எவ்வளவு ஊற்றிக்கொண்டாலும் ஒன்றும் செய்யாதாம். உடனே நம்பிவிட்டேன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபது வருஷமாக டிரம்களுக்கு லேபிள் சரிபார்க்கிறவன் நான். இயற்கை என்று எழுதியிருந்தாலே எனக்குக் கண் கலங்கிவிடும்.

காபிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தவன் மூன்று ஸ்பூன் அகாவே ஊற்றினேன். தோசைக்கும் அதுதான், சப்பாத்திக்கும் அதுதான். ஜாஸ்தியாகிறது என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். இது சர்க்கரையே இல்லை என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். பத்து நாளில் பாட்டில் காலி.

மச்சானுக்கு போன் செய்தேன். அடுத்த பாட்டில் வர ஒரு வாரம் ஆகும் என்றவன், பேச்சோடு பேச்சாக, "அது நம்ம ரயில் கத்தாழை ஜாதிதான் மாமா" என்றான்.

முதுநகரில் எங்கள் கொல்லைக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, ரயில் கத்தாழை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிவாளோடு போய் நான்கு மடல் வெட்டி வந்தேன். மிக்சியில் அரைத்து, பிழிந்து, அடுப்பில் ஏற்றினேன். தேன் பதம் வரவேயில்லை. வெள்ளையாக நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இத பாத்திரம் வெளக்க வெச்சுக்கட்டுமா?"

மதியத்துக்குள் இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கின. மறுநாள் டாக்டரிடம் கைகளைக் காட்டினேன். பாட்டிலையும் காட்டினேன். அவர் கைக்குக் களிம்பு எழுதினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது.

"இதுவும் சர்க்கரைதான் சார்," என்றார். "செடியிலேர்ந்து வந்தா உடம்பு விட்டுடுமா? கரும்பு மட்டும் எங்கேர்ந்து வருது?"

நெல்லிக்குப்பம் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு இது தோன்றவில்லை.

கை ஆற இரண்டு வாரம் ஆனது. இப்போது வெறும் காபிதான். முதலில் அழுகையே வந்தது, பிறகு பழகிவிட்டது. எனக்குத் துணையாக மனைவியும் சர்க்கரையை விட்டாள், இரண்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து அவள் அடுக்களையிலேயே காபியைக் குடித்துவிட்டு வருகிறாள். நானும் ஏனென்று கேட்பதில்லை.