வகுப்பாசிரியர் குறிப்பு

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொல்லி வைத்தவர்கள், பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைத்துப்பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லச் சுப்ரஜாவால் முடியும்.

கணவன் கேஷவுக்குத் திருமுடிவாக்கத்தில் வேலை கிடைத்து, நவம்பரில் ஓசூரிலிருந்து சேலையூருக்குக் குடிவந்தார்கள். ஆறு வயது தர்ஷினிக்குப் பள்ளியில் இடமில்லை. நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியாயிற்று. நடு வருஷத்தில் வந்து நின்றால் எப்படி, ஜூனில் வாருங்கள் என்றார்கள். அதுவரை நாமே வீட்டில் சொல்லிக்கொடுப்போம் என்று கேஷவ் முடிவெடுத்தான். முடிவெடுத்ததோடு அவன் பங்கு முடிந்தது.

காலையில் தண்ணீர் லாரி, அப்புறம் சமையல், அவனுக்கு டிபன் பாக்ஸ், துணி, பாத்திரம். ஒன்பதரைக்குப் பாடம். 'ட' எழுதும்போது குக்கர் கத்தும். 'ண' எழுதும்போது கூரியர்க்காரர் மணியடிப்பார். பக்கத்து விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று தாழப் பறந்தால் போதும், பிள்ளை பால்கனியில் நிற்கும், அதைப் பிடித்து இழுத்துவர ஒரு பிஸ்கட் பாக்கெட் செலவாகும். இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் மூன்று ஹாலிலேயே கிடந்தன. சுப்ரஜா அவற்றின் மேல் துணி மடித்து வைக்கப் பழகிவிட்டாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தர்ஷினிக்கு வாசிக்க வரவில்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் தெரியும். சேர்த்துப் படி என்றால் படத்தைப் பார்த்துக் கதை விடுவாள். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று கேஷவ் ஒரு நாள் சிரித்தான். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். சுப்ரஜா அன்று சாப்பிடவில்லை.

ஓசூரில் இருந்த மாமனார் லக்ஷ்மிநாராயணன் ஞாயிறு தவறாமல் போன் செய்வார். பிள்ளை இந்த மாசமும் வாசிக்கவில்லை என்றால் தன்னிடமே அனுப்பிவிடும்படியும், பழைய பள்ளியிலேயே சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். மாசக் கடைசியில் ரேங்க் கார்டு எழுதி, அப்பன் கையெழுத்தோடு தனக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்டளை. அனுப்பித்தான் விடலாமா என்று சுப்ரஜாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றிய பாவத்துக்கு நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நோட்டில் கோடு போட்டு ரேங்க் கார்டு எழுதினாள். கணக்குக்கு 'நன்று'. ஓவியத்துக்கு 'மிக நன்று'. வாசிப்புக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. 'இன்னும் வரவில்லை' என்றே எழுதினாள். கடைசியில் வகுப்பாசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் போட்டாள். அதில், 'அம்மாவுக்கு ஒரு நாள் லீவு வேண்டும்' என்று எழுதினாள். பாதி குறும்பு. மீதிப் பாதி, கையெழுத்துப் போடும்போது இதைப் படித்தாவது கேஷவ் தலை நிமிர்ந்து தன்னைப் பார்ப்பானா என்ற ஆசை.

மறுநாள் காலையில் கேஷவ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஹெல்மெட்டைத் தேடும்போது நோட்டை நீட்டினாள். கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவானாம். வீட்டில் படிக்காமலே கையெழுத்தைப் போட்டான், பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஓக்கே என்றும் எழுதினான், போய்விட்டான். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தர்ஷினி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. விரலை வைத்து, "அ... ம்... மா... வு... க்கு" என்று ஆரம்பித்தாள். 'ஒரு நாள்' சீக்கிரம் வந்தது. 'லீவு'க்கு இரண்டு தரம் முட்டினாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, உனக்கு லீவா?"

சுப்ரஜா நோட்டை வாங்கக் கை நீட்டினாள்.

"அப்பாதான் சைன் போட்டுட்டாரே. அப்ப லீவுதான். நீ படுத்துக்கோ."

கையெழுத்து ஆன பிறகு மறுத்துப் பேச என்ன இருக்கிறது? சுப்ரஜா வெறுந்தரையில் படுத்தாள். அடுப்பில் ஒன்றும் ஏற்றவில்லை. பிள்ளை வாசித்துவிட்டாள் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தாள். உடம்பு எழவில்லை. படுத்தபடியே அழுதாள்.