அத்திப்பட்டு பசுமையான கிராமம் இல்லை, ஆண்டவரே

சபையாரே, சிரித்த முகத்தோடு சாட்சி சொல்வதுதான் நம் வழக்கம். என்னால் முடியவில்லை, மன்னியுங்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர். போன மாதம் வரை அத்திப்பட்டில் என் மாமனார் கட்டிய வீட்டில் இருந்தோம். கணவர் ஸ்டீபனுக்குத் துறைமுகத்தில் தினக்கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். மகள் ஷைனிக்கு ஆறு வயது. அவளுக்கு இளைப்பு. நெஞ்சு விசிலடிக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். எந்தத் தாயும் அதைப் பார்க்கக் கூடாது.

டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "இடத்தை மாத்துங்கம்மா. மருந்து குடுத்துக்கிட்டே இருக்கலாம், காத்துக்கு நான் என்ன பண்றது?"

எங்கள் பக்கம் வானத்திலிருந்து விழுவது என்ன என்று கேட்டால் ஒருவரும் பொறுப்பாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்பார்கள், துறைமுகத்து நிலக்கரித் தூள் என்பார்கள், லாரிப் புழுதி என்பார்கள். இவரைக் கேட்டால் அவரைக் கைகாட்டுவார், அவரைக் கேட்டால் இவரைக் கைகாட்டுவார். துடைத்த பாத்திரத்தை மறுபடி துடைப்பதும், காய்ந்த துணியை மறுபடி அலசுவதும் நாங்கள்தான்.

சொந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போக வேண்டுமானால் மாதச் சம்பளம் வேண்டும். நான் பி.காம். முடித்தவள். திருவொற்றியூரில் கப்பல் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட் ஆபீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால்தான் என் பிள்ளை படுத்துத் தூங்குவாள். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நம் பாஸ்டரம்மா முன்பு ஆங்கில டீச்சர். அவரே முன்வந்து என்னைத் தயார் செய்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டால் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார். "ஐ ஆம் ஃப்ரம் அத்திப்பட்டு, எ பீஸ்ஃபுல் அண்ட் கிரீன் வில்லேஜ்." அத்திப்பட்டு அமைதியான, பசுமையான கிராமமாம்.

"எங்க ஊரு பச்சையா இல்லியே, பாஸ்டரம்மா."

"இன்டர்வியூவில நல்லதைத்தான் பேசணும் எஸ்தர். உன் வாயில எப்பவும் குறைதான் வருது. முதல்ல அந்தக் கோபத்தை ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடு."

ஒப்புக்கொடுக்காமலா இருந்தேன்? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நீங்கள் எல்லாரும் என் தலையில் கைவைத்து, இந்த மகளுடைய கோபத்தை எடுத்துப்போடும் அப்பா என்று கதறியிருக்கிறீர்கள். அது போகவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சமைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் பிடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். கேட்டுக் கேட்டு ஷைனிக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. "பீஸ்ஃபுல்" என்று சொல்லி நிறுத்துவாள். மூச்சு வாங்குவாள். அப்புறம் "அண்ட் கிரீன்" என்பாள். எனக்குக் கையிலிருந்த கரண்டியை வீசி எறியலாம் போல இருந்தது.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. நம் சபையில் உபவாசத்துக்கு வெள்ளைதான் உடுத்துவோம். "வெள்ளையிலேயே போ, உபவாசத்தோட போ, சிரிச்ச முகமா போ" என்றார் பாஸ்டரம்மா. என்னிடம் இருந்த ஒரே நல்ல வெள்ளைச் சேலையைத் துவைத்து, வெளியே போடாமல் வீட்டுக்குள் ஃபேன் காற்றில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டுக் கட்டினேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது. பிளாட்பாரத்தில் பார்த்தால் தோள் முழுக்கக் கறுப்புப் புள்ளி. அதை ஊத வேண்டும், தொடக் கூடாது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்தில் கையால் தட்டிவிட்டேன். கறை தோளிலிருந்து முழங்கை வரை இழுத்துக்கொண்டது.

ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி ஜெபித்தேன். ஜெபமா அது, சண்டை. 'நீர்' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. "இன்னா ஆண்டவரே, பாத்துகினு சும்மா கீறியா? எம்புள்ள ஒக்காந்துகினே தூங்குது. ஒனக்கு வெள்ளப் பொடவ வேற கேக்குதா? எனக்கு வேற ஒண்ணியும் வேணாம். அங்க போய் நிக்கசொல்லோ என் வாயத் தொற, போதும்." பசி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த இளம்பெண். இன்னொருவர் யார்டு மேனேஜர், தலை நரைத்தவர். அந்தப் பெண் என் சேலையைத்தான் முதலில் பார்த்தாள். "இன்டர்வியூவுக்கு இவ்வளவு அழுக்காவா வருவீங்க?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

ஆரம்பித்தேன். ஊர் பெயர் வரை சரளமாக வந்தது. "எ பீஸ்ஃபுல் அண்ட்..." அதற்கு மேல் ஓடவில்லை. மறந்துபோகவில்லை. வார்த்தை தொண்டையில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. வாயைத் திற என்று கேட்டவளுக்கு ஆண்டவர் வாயை அடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அண்ட்?" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான். "இன்னா மேடம் அண்டு? பச்சையுமில்ல, ஒண்ணியுமில்ல. இது அழுக்கில்ல, எங்க ஊரு காத்து. வூட்டுக்குள்ளயே காயவச்சி பொட்டி போட்டு கட்டிகினு வந்தேன். ஸ்டேஷன் வர்றதுக்குள்ள இப்டி கீது. இதத்தான் எம்புள்ள மூச்சுல இழுத்துகினு கீது. பொடவைய தொவச்சிடலாம், புள்ள நெஞ்ச எப்டி மேடம் தொவைக்கிறது? நல்ல ஊருன்னு சொல்லச் சொன்னாங்கோ. என்னால சொல்ல முடியாது. அதுக்கு வேல இல்லன்னா போய்கினே இருக்கேன்."

எழுந்தே விட்டேன்.

"உக்காரும்மா" என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. "கேட்ல என்ன வேலை தெரியுமா? உள்ள வர்ற ஒவ்வொரு பெட்டியையும் சுத்திப் பாத்து, அடி பட்டிருந்தா அடின்னு எழுதணும், ஓட்டைன்னா ஓட்டைன்னு எழுதணும். நல்லா இருக்குன்னு எழுதச் சொல்லி டிரைவர் கத்துவான், ஏஜென்ட் சிரிச்சுப் பேசுவான். அப்ப என்ன பண்ணுவே?"

"அவன் கத்துனா நானும் கத்துவேன் சார். சிரிச்சா சிரிக்க மாட்டேன். இருக்கறதத்தான் எழுதுவேன்."

அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வாரம் போன் வந்தது. வேலைக்கு வரச் சொன்னார்கள். சிரிப்பவர்களுக்கெல்லாம் தலையாட்டி, எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டி என்று எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் எழுதியதால் யார்டுக்கு வந்த தலைவலியைச் சேர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

நீங்கள் எல்லாரும் எடுத்துப்போடச் சொல்லிக் கேட்ட கோபத்தை ஆண்டவர் என்னிடமே விட்டுவைத்திருந்தார். அதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். "அந்தக் கத்தின பகுதியை விட்டுட்டு சாட்சி எழுது" என்றார் பாஸ்டரம்மா. விட மாட்டேன். பாஸ்டரம்மா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை விட்டுவிட்டால் இதில் ஆண்டவர் செய்தது என்ன மிச்சம் இருக்கிறது?

இப்போது ராயபுரத்தில் மாடியில் ஓர் அறை, சமையலறை. புழுதி இங்கேயும் உண்டு, இது பசுமையான ஊர் என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஷைனி படுத்துத் தூங்குகிறாள். முதல் நாள் அதைப் பார்த்து ஸ்டீபன், "எஸ்தரு, புள்ள படுத்துகினு கீதுடி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார்.

சிரித்த முகம் இல்லாததால் ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், அப்படியே வாருங்கள். மனதில் இருப்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவர் தள்ளி உட்கார மாட்டார்.

போன ஞாயிறு அந்த வெள்ளைச் சேலையைத் துவைத்து முதல் தடவையாக வெளியே, மொட்டைமாடியில் போட்டேன். சாயங்காலம் எடுக்கும்போது உதறினேன். ஒன்றும் விழவில்லை. அங்கேயே முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், அத்திப்பட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் சின்னப் பிள்ளைத் துணிகள் ஞாபகம் வந்தன. மறுபடியும் கோபம் வந்துவிட்டது. எழுந்திருக்காமல் அங்கேயே அடுத்த ஜெபத்தை ஆரம்பித்தேன்.