மாலைக்குள் முடிய வேண்டிய கம்பைல்

1. பல்லடத்திலிருந்து ஒரு போன்

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனுவல், அதாவது பயன்பாட்டுக் கையேடு, எழுதும் வேலையில் இருந்தேன். தறி ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்யும் கார்டும், அதை இயக்க சி மொழியில் எழுதிய கட்டளைத் தொகுப்பான லைப்ரரியும் எங்கள் சரக்கு. புதிய வெர்ஷன் வெளியே போனதும் பல்லடத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்க புஸ்தகத்துல இருக்கறதை எழுத்துப் பிசகாம அடிச்சுப் பார்த்தேனுங்க. கம்பைலே ஆகமாட்டேங்குது. நான் பண்றது தப்புங்களா, புஸ்தகம் தப்புங்களா?"

புத்தகம்தான் தப்பு. லைப்ரரியில் ஒரு ஃபங்ஷனின், அதாவது ஒரு கட்டளையின், பெயரை மாற்றியிருந்தார்கள். மேனுவலில் பழைய பெயரே நின்றது; அதனால் அவர் அடித்ததைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, முடியவில்லை.

எங்கள் புரோகிராமர் ஆரோக்கியசாமி ஒரு வழி சொன்னார். எடுத்துக்காட்டு புரோகிராம்களை மேனுவலில் கையால் அடிக்கவே கூடாது. ஒவ்வொன்றும் தனி ஃபைலாக இருக்க வேண்டும். கம்பைல் ஆகி, சரியாக ஓடிய பிறகே அது மேனுவலுக்குள் போக வேண்டும்.

2. ஆஸ்பத்திரி கேட்

வழி நல்ல வழிதான். ஆனால் எடுத்துக்காட்டு ஒவ்வொன்றுக்கும் முழு லைப்ரரியும் முதலிலிருந்து கம்பைல் ஆகும். காலையில் போட்டால் முடிவதற்குள் இருட்டிவிடும். ஒரு வரி திருத்தினாலும் அதே கதை.

அந்தச் சமயத்தில் ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்வையாளரை மாலையில் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். கம்பைல் முடிந்து இவர் போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

முதலாளி இரக்கமுள்ளவர். "டெஸ்ட் கிடக்குதுங்க. இந்தவாட்டி அப்படியே பிரிண்ட்டுக்கு உட்டுப்போட்டு நீங்க கிளம்புங்க" என்றார்.

"அது ஆகாதுங்க. நம்ம புஸ்தகத்தை நம்பித்தானுங்க அவிங்க அடிக்கறாங்க. சீக்கிரம் முடியற மாதிரி நான் ஏதாச்சும் பண்ணிப்போடறேனுங்க" என்றார் ஆரோக்கியசாமி.

பண்ணிவிட்டார். லைப்ரரியை ஒரே தடவை கம்பைல் செய்து வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுகளை அதனுடன் இணைக்க மட்டும் செய்தார். ஃபைலைத் திருத்திய தேதியைப் பார்த்து, மாறிய ஃபைலை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய வைத்தார். நாள் முழுக்க இழுத்த வேலை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது.

அதன்பின் மாலையானால் டிபன் கேரியரோடு கிளம்பிவிடுவார். மறுநாள் வந்து, "நேத்து அரை இட்லி சாப்புட்டாளுங்க" என்பார். ஒருநாள், தான் செய்த வேலையைப் பிலோமினாவிடம் விளக்கியதாகச் சொன்னார். "'அட, எனக்காகத்தான் இத்தனையுமா'ன்னு சிரிச்சாளுங்க."

அந்த மழைக்காலம் முடியும் முன் பிலோமினா இறந்துபோனார்.

3. திரும்பி வந்த நாள்

அவர் மறுபடி வேலைக்கு வந்த அன்று நான் ஒரு எடுத்துக்காட்டைத் திருத்திக் கொடுத்தேன். ஓட்டினார். சீக்கிரமே முடிந்தது, எல்லாம் பாஸ். வழக்கம்போல எழுந்து பையை எடுத்தவர், அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுபோச்சுங்க. இனி எங்கீங்க போறது?"

"எல்லாத்தையும் முதல்ல இருந்து ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துடலாங்களா?" என்றேன். தலையசைத்தார். திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போவதைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். டெஸ்ட் இழுக்கிறது, விட்டுவிடலாமா என்று இளையவர்கள் கேட்பார்கள். விடாதீர்கள், நேரத்தைக் குறைக்க வழி பாருங்கள் என்பேன். விட்டால் புத்தகத்தை நம்பிய யாரோ ஒருவர் தவிப்பார். குறைக்காவிட்டால் நம் பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டுக்குப் போக முடியாது.

ஆரோக்கியசாமிக்கு அந்தச் சில வாரத்து மாலைகள் கிடைத்தன. அதற்குமேல் எங்கள் வேலையால் எதுவும் செய்ய முடியவில்லை.