ஒரு முழம் பின்னால்

இஸ்திரிப் பலகையின் ஒரு முனையை முக்காலி மேல் ஏற்றி, மறு முனையைத் தரையில் சாய்த்து, அளவு நாடாவை அதன் மேல் நீளமாக விரித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருக்கிறார் ஹமீதுன்னிசா. மணி ஏழு. கொடைக்கானல் பஜாரில் டீக்கடை தவிர வேறெதுவும் திறக்கவில்லை. நாடாவில் முப்பது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டுப் பொத்தானை நிறுத்திவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய், ஸ்டாண்டில் மாட்டிய கேமராவுக்குப் பின்னால் குனிகிறார். பால்காரர் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறார். இந்த நேரத்தில் குறுக்கே போனால் டைலரக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வயது ஐம்பத்து நான்கு. தொழில், பள்ளிக்கூடச் சீருடை தைப்பது. ஊரில் பாதிப் பிள்ளைகளின் தோள் அகலம் அவருக்கு மனப்பாடம். தைத்துக் கொடுத்த உடுப்பு இதுவரை அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமையானால் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

கேமரா, மதுரையில் வேலை பார்க்கும் மகள் அப்ரின் கொடுத்தது. முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும் யாரோ ஊரைக் காலி செய்தபோது விட்டுப்போன பழசு. இருபது வயதுக்கு மேல் இருக்கும். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு முனகல் கேட்கும், வளையம் தானாகச் சுற்றும், ‘பிடித்துவிட்டேன்’ என்று கேமரா கூவும். ஆனால் பிடித்திருப்பது பறவையை அல்ல. முப்பது அடி தூரத்தில், பறவைக்கு ஒரு முழம் பின்னால் இருக்கும் புல்லை. புல்லின் மேல் பனித்துளியைக்கூட எண்ணலாம். பறவை மட்டும் எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு எழுத்தாக இருக்கும்.

மற்றவர்கள் லென்ஸைக் குறை சொல்வார்கள், அல்லது தங்கள் கையை. இவருக்கு இரண்டிலும் திருப்தியில்லை. எதனால் ஒரு முழம்? ஏன் முன்னால் போகாமல் எப்போதும் பின்னாலேயே? பல மாதம் குடைந்து அவராகவே கண்டுபிடித்த பதில் இது: “இதுக்குள்ள ரெண்டு கண்ணுங்க. தூரத்தை அளக்குறது ஒண்ணு, படத்தைப் பிடிக்கிறது இன்னொண்ணு. அளவு எடுத்தவன் ஒருத்தன், துணி வெட்டுனவன் வேறொருத்தன்னா சட்டை எப்படிங்க சேரும்?”

சேர வைக்கும் வழி கேமராவிலேயே இருக்கிறது. எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு முன்னால் இழுக்க ஓர் எண் வைத்துவிடலாம். அதற்குத்தான் இந்த நாடாவும் பொத்தானும். பொத்தானைக் குறிவைத்து எடுத்த படத்தில் எந்த எண் தெளிவாக விழுகிறது என்று பார்ப்பார். அங்கேயும் ஒரு வில்லங்கம். வெயில் ஏறினால் கணக்கு மாறிவிடுகிறது. “வெள்ளனே மைனஸ் பதினெட்டு, பத்து மணிக்கு மேல மைனஸ் பதினொண்ணு. குளிர்ல இதுக்கும் கை வெறைச்சுப் போகுதுபோல.” எண்கள் கேமராப் பைக்குள் தையல் சாக்பீஸால் எழுதிக் கிடக்கின்றன என்று அவரே சிரிப்பார்.

புது மாதிரி கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடிக்கும், ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறாள் அப்ரின். “எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிட்டா எனக்கு என்ன சோலி?” என்று போனை வைத்துவிடுவார்.

இத்தனை பாட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு, கூக்கால் ஏரிக்கு மேலே உள்ள புல்சரிவில், மூடுபனிக்குள் ஒரு பழுப்புக் குருவியை எடுத்தார். உடம்புக்குப் பொருந்தாத அகலத்தில் வால். அகலவால் புல்குருவி, பறவைக்காரர்கள் வருடக்கணக்கில் தேடுவது. கல்லூரியில் பாடம் நடத்தும் மனோஜ்குமார்தான் மலையின் பறவைப் பட்டியலைத் தொகுப்பவர். மங்கலான அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஹமீதுன்னிசா பெயருக்கு எதிரே ‘உறுதியில்லை’ என்று எழுதினார். அவர் எழுதியது நியாயம்தான். ஆனாலும் அளவு தப்பாத கைக்கு அது பொறுக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அழிக்காமல் விடுவதில்லை என்று இருந்தார்.

போன ஞாயிறு முதல் பஸ்ஸில் கூக்கால் போனார். அதே சரிவு, அதே மூடுபனி. காய்ந்த பெரணித் தண்டின் மேல் குருவி வந்து உட்கார்ந்து கத்தியது. கத்தலும் அன்று கேட்ட அதே கத்தல். மைனஸ் பதினெட்டு. முனகல், கூவல். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். கண் தெளிவு. கண்ணைச் சுற்றிய இறகு தெளிவு. வாலும் தெளிவு, விரலை விடக் குறுகலான, ஒல்லி வால்.

காட்டுக் கதிர்க்குருவி. எந்தப் புதரில் தட்டினாலும் நாலு பறக்கும்.

யாராயிருந்தாலும் அங்கேயே கேமராவை மூடியிருப்பார்கள். இவர் மூடவில்லை. எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார், அதாவது லென்ஸ் இரண்டு வருடம் முன்பு இருந்த நிலைக்கு. குருவியும் நல்லவேளையாக நகரவில்லை. நாலு படம். நாலிலும் பின்னால் இருந்த புல் பளிச்சென்று நின்றது, குருவி கரைந்தது, ஒல்லி வால் இரு பக்கமும் ஊறி அகலமாகிவிட்டது. அகல வாலைச் செய்தது லென்ஸ். ஹமீதுன்னிசாவுக்கு அவமானமாக இருந்தது. கூடவே, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் பொங்கி வந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் பஸ் வரும்வரை அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை மனோஜ்குமார் கடைக்கு வந்தார், கையில் அச்சுக்குப் போகும் பட்டியல், முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, இனிப்பு வாங்கி வைங்க. மன்னவனூர் பக்கம் ரெண்டு பேர் அகலவாலைப் பாத்திருக்காங்க, படம் சுத்தமா இருக்கு. அப்ப நீங்க பாத்ததும் அதாத்தான் இருக்கணும். உங்க பேருக்கு எதிர இருந்த ‘உறுதியில்லை’யை எடுத்துட்டேன்.”

ஹமீதுன்னிசா மெஷினை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையலைக் கடைசி வரை ஓட்டி நூலை அறுத்தார். பிறகு கேமராவை எடுத்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார். “ஒரே குருவி, ஒரே தண்டு. நம்பரை மட்டும் மாத்தினேன், சார்.”

மனோஜ்குமார் வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“இது இந்த வருசப் படம்தானக்கா. அன்னைக்கு வந்தது வேற குருவியாக்கூட இருந்திருக்கலாம்ல? யாரும் கேக்கப் போறதில்ல. வெரசா அச்சுக்குக் கொடுக்கணும், விடுங்க.”

“இருந்திருக்கலாம் சார்,” என்றார் ஹமீதுன்னிசா.

பட்டியலை வாங்கி, துணி வெட்டும் மேசையில் விரித்து, தன் வரியைத் தேடினார். மர ஸ்கேலை அதன் மேல் வைத்து ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பறவையின் பெயர், ஊர், தேதி, கடைசியில் தன் பெயர் என்று முழு நீளத்துக்கும் பேனாவால் ஒரே கோடாக அடித்தார்.