டம்பெல்லுக்குச் சுற்றிய பனியன் துணி

எலும்பு தேய்ந்திருக்கிறது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு வயசு அறுபத்தி எட்டு. நாலு பேர் பார்க்க வாய் திறந்து பேசிய பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் தெருமுனை ஜிம்மில் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்றார்கள். போனேன். அங்கே நாங்கள் ஐந்து பேர். ஊட்டில் சிரிக்காத சிரிப்பெல்லாம் அங்கேதான் சிரித்தேன்.

நான் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டியவள். எங்களுக்கு எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு வேஸ்ட் துணி வேணும். கத்தரிக்கோலின் கைப்பிடிக்கும் சுற்றுவோம், சூடான டீ டம்ளருக்கும் சுற்றுவோம். டம்பெல் ஜில்லென்று இருந்தது. கீழே வைத்தால் டங்கென்று சத்தம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளே துணி கொண்டுபோய், தலையும் பிடியும் மறைகிற மாதிரி சுற்றிவிட்டேன். அடுத்த வாரம் மற்ற நாலு பேரும் சுற்றிக்கொண்டார்கள்.

"குழந்தைக்குத் துணி சுத்துன மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தது, ஜிம்மில் சொல்லிக்கொடுக்கிற பொண்ணு.

கொஞ்ச நாளில் வலது முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம் வலி பிடித்தது. தைலம் தேய்த்தும் இரண்டு மாசமாகப் போகவில்லை. தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை.

"அத்தை, இந்த வயசுல இரும்பு எதுக்குங்க? உட்ருங்க" என்றாள் மருமகள்.

எனக்கு வலியைவிட அந்தப் பேச்சுத்தான் பயமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் என்ன செய்வேன்?

பிசியோதெரபிக்குப் போனேன். அங்கிருந்த பொண்ணு கழுத்தைத் திருப்பச் சொன்னது, விரல் மரத்துப்போகுதா என்று கேட்டது. இல்லீங்க என்றேன். முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் அமுக்கியதும் துள்ளிவிட்டேன். கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, என் கையைக் கீழே அழுத்தியது. அதே இடத்தில் சுரீர் என்றது. அப்புறம் ஒரு டம்பெல்லைக் கொடுத்து, "ஜிம்முல தூக்குற மாதிரியே தூக்குங்கம்மா" என்றது.

நான் பையிலிருந்து துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"இது எதுக்கும்மா?"

"சத்தம் வராதுங்க கண்ணு. ஜில்லுன்னும் இருக்காதுங்க."

துணியோடு ஒரு தரம், துணி இல்லாமல் ஒரு தரம் பிடிக்க வைத்துப் பார்த்தது. "பிடி பெருத்துப்போச்சு, துணியும் வழுக்குது. விழாம இருக்க நெரிச்சுப் பிடிக்கிறீங்க. அந்தப் பாரமெல்லாம் முழங்கைகிட்ட இருக்குற தசை மேல ஏறுது."

"அப்ப ஜிம்முக்குப் போகக் கூடாதுங்களா?" துணியை மடித்துக்கொண்டே கேட்டேன்.

"யாரு சொன்னா? துணியை ஊட்டுல வெச்சிட்டுப் போங்க. ஆறு வாரம் பாதி எடை, மெதுவா இறக்குங்க. குறையலைன்னா வாங்க."

மறுநாள் ஜிம்மில் நானே பேச வேண்டியதாயிற்று. "இந்தத் துணியாலதானுங்க எனக்குக் கை வலி" என்றேன்.

எங்கள் ஐந்து பேரில் ஒருவரான குன்னத்தூர்க்கார அக்கா முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "அட, எனக்கும் தீபாவளியிலிருந்து வலிக்குதுங்க. உங்களப் பாத்துத்தானே சுத்துனேன்" என்றார். இன்னொருத்தியும் கையை நீட்டினாள்.

"நல்ல வாத்தியாருங்க நீங்க" என்றாள் மூன்றாவது ஆள்.

சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டோம். ஐந்து துணியையும் அவிழ்த்தோம். சொல்லிக்கொடுக்கிற பொண்ணு அதை வாங்கி ஜிம் கண்ணாடியைத் துடைத்தது.

பாதி எடையை எடுத்தேன், மெதுவாக இறக்கினேன். வலி கொஞ்சம் இருந்தது. கீழே வைத்தபோது டங்கென்றது. ஐந்து பேர் டம்பெல்லும் அதே சத்தம் போட்டதால் யாரும் திரும்பவில்லை.