இருபத்து மூன்றா, இருபத்து நான்கா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எங்கள் சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும் நர்சுகளில் என்னிடம் திட்டு வாங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாகல் நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், இருபது வருடங்களுக்கும் மேலாக மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். செல்களைப் பார்த்து, இது நல்லது, இது சந்தேகம், இதை டாக்டர் உடனே பார்க்க வேண்டும் என்று பிரித்து வைப்பது என் வேலை. சந்தேகப்பட்ட இடத்தில் மையால் ஒரு பொட்டு வைப்பேன். டாக்டர் அந்தப் பொட்டைப் பார்த்து முடிவு சொல்வார்.

நான் திட்டுவதெல்லாம் பெரும்பாலும் பென்சிலுக்காகத்தான். ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டின் ஒரு ஓரம் சொரசொரப்பாக இருக்கும். அதில் யாருடைய மாதிரி என்று எண் எழுத வேண்டும். மாதிரியைத் தடவியதும் ஸ்லைடை ஆல்கஹால் ஜாடிக்குள் போட வேண்டும், காய்ந்தால் செல்கள் கெட்டுவிடும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். பேனாவில் எழுதி அனுப்புகிற ஆளுக்குப் போன் போட்டு, "பேர் இல்லாத ஸ்லைடு குப்பைம்மா. யாரு வீட்டுக் குப்பைன்னு நான் எங்க போய்த் தேட?" என்று கிழிப்பேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சின்னாளபட்டியில் நெசவாளர் தெரு ஒன்றில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் நடந்தது. மாதிரி எடுக்க ஒரு லேடி டாக்டர், எண் எழுதி ஜாடியில் போட நான். ஒரு வீட்டின் உள்ளறையைத் திரை கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு ஓரகத்திகள். மூத்தவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், இளையவளுக்கு ஒன்றிரண்டு வயது குறைவு. தெருப் பெண்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் மூத்தவள்தான். எல்லோரும் முடிந்த பிறகு கடைசியாக அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். இருபத்து மூன்று மூத்தவள், இருபத்து நான்கு இளையவள்.

இருபத்து மூன்று என்று எழுதப் போனபோது பென்சில் முனை ஒடிந்தது. சீவுவதற்குப் பையில் ஒன்றும் இல்லை. திரைக்கு உள்ளே இருந்து டாக்டர், "சீக்கிரம், காயுது" என்றார். மாதிரி கொடுத்துவிட்டு வெளியே வந்த மூத்தவள் நான் முழிப்பதைப் பார்த்துத் தறிக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, இது நல்லா எழுதும்."

இரண்டு எண்களையும் நன்றாகத்தான் எழுதியது. கண்ணாடியில் ஒட்டாத மையெல்லாம் உண்டு, இது ஒட்டியது. ஒட்டுகிற மை போகாது என்று அந்த நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜாடியில் ஸ்லைடு செருகும் காடி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இரண்டு ஸ்லைடுகளையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து அதில் இறக்கினேன். அதன் பிறகு அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் ஜாடியைத் திறந்ததும் ஆல்கஹால் லேசான ஊதா நிறத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்று முதல் இருபத்து இரண்டு வரை என் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. கடைசி இரண்டும் வெறும் கண்ணாடி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு கோடு கூட மிச்சமில்லை.

இரண்டும் சுத்தமாக இருந்துவிட்டால் எது யாருடையதாக இருந்தால் என்ன என்று ஒரு ஆசை. எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்றி, அந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளினேன். இருபத்து இரண்டு பேரையும் பார்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஒருத்திக்கும் பயப்பட ஒன்றும் இல்லை. கொண்டு வந்த தயிர் சாதத்தைத் திறக்கவே இல்லை.

நல்ல செல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம், அப்பளத்தின் நடுவில் ஒரு மிளகு ஒட்டியது போல இருக்கும் என்பேன். அகலமான மெல்லிய உடம்பு, நடுவில் சின்னதாக உட்கரு. பெயரில்லாத முதல் ஸ்லைடில் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் வீக்கத்தின் அடையாளம், மாத்திரையில் சரியாகும். மூச்சு விட்டேன். இரண்டாவதை வைத்தேன். இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரைக்கும், உழவன் சால் ஓட்டுகிற மாதிரி ஒரு இடம் விடாமல் போக வேண்டும். பாதிக்கு மேல் ஒன்றும் இல்லை. முக்கால்வாசி தாண்டியதும் ஒரு கொத்து தட்டுப்பட்டது. லென்ஸை மாற்றினேன். அப்பளமே இல்லை, எல்லாம் மிளகாக இருந்தது. உட்கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணிப்போய், செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. புற்றாக மாறப்போகிற செல்கள். ஏற்கெனவே மாறியும் இருக்கலாம், அதைச் சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இப்போது பிடித்தால் பிழைப்பாள். விட்டால் போய்விடுவாள். யார் என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கொத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தேன்.

சாயங்காலம் எங்கள் டாக்டர் வந்தார். பார்த்தார், நான் நினைத்ததையே சொன்னார். எண் எங்கே என்று கேட்டார். மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ரெண்டு பேரையும் உடனே வரச் சொல்லுங்க. விஷயத்தைச் சொல்லியே கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஊரையெல்லாம் திட்டிய வாய்க்கு "தப்பு என்னோடது" என்று சொல்ல வரவில்லை. கூடவே ஒரு சாக்கும் கிடைத்தது. ஒருத்திக்கு இல்லாத நோயைச் சொல்லி இரண்டு பேரையும் எதற்காகப் பயமுறுத்த வேண்டும்? போனில் பூசி மெழுகினேன். "ஸ்லைடு சரியா விழலைம்மா. ரெண்டு பேரும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

"அதுக்கென்னக்கா, வாரோம்" என்றாள் மூத்தவள்.

இரண்டு நாள் ஆனது, ஐந்து நாள் ஆனது, யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "கலியாணத்துக்குச் சுங்குடிச் சேலை கேட்டிருக்காகக்கா. முடிச்சுப் போட ஆள் பத்தலை. செத்த பொறுங்க, வாரேன்." மூன்றாவது தடவை, "சரியா விழலைன்னா எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானக்கா அர்த்தம்? இருந்தாத்தான் கரெக்டா விழுந்திருக்குமே" என்று சிரித்தாள். நான் சொன்ன பொய்க்கு அவள் கண்டுபிடித்த அர்த்தம் அது. அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது. அதையும் அன்றைக்குச் சொல்லாமல் போனை வைத்தேன்.

தைரியமாக வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம், அதற்கும் காரணம் இருந்தது. முகாமில் நிரப்பிய படிவங்களை எடுத்து வைத்துத் துப்பறிந்திருந்தேன். இரண்டு பேருக்கும் இரண்டு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் மாதவிலக்கு நிற்கவில்லை. ஆனால் இளையவள் படிவத்தில் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று எழுதியிருந்தது. மூத்தவளுக்கு ஒரு புகாரும் இல்லை. அப்படியானால் அந்தக் கொத்து இளையவளுடையதுதான் என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. மூத்தவளுக்குப் போன் செய்யும்போதெல்லாம், "சரி, தங்கச்சியையாவது முதல்ல அனுப்பு" என்றேன்.

பத்தொன்பதாவது நாள் இளையவள் தனியாக வந்தாள். பயந்த சுபாவம், தண்ணீர் கொடுத்தால்கூட எதற்கு என்று பார்ப்பாள். பக்கத்துத் தெரு லேடி டாக்டரிடம் நானே அழைத்துப் போய் மாதிரி எடுக்க வைத்தேன். பென்சிலால் அழுத்தி எழுதினேன். அன்றைக்கே சாயம் ஏற்றி உட்கார்ந்தேன். சால் சாலாகப் போனேன். அப்பளம், மிளகு. அப்பளம், மிளகு. அதே வீக்கம், அவ்வளவுதான். திரும்ப ஒரு முறை முழுவதும் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் மூத்தவளுடைய படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். போனில் சிரித்தவள் மூத்தவள். அவளுக்குத்தான் வலியும் இல்லை, வெள்ளைப்படுதலும் இல்லை. அதனால்தான் அவள் வரவும் இல்லை. படிவத்தை நம்பி நான் பத்தொன்பது நாளைத் தின்றுவிட்டேன்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் சின்னாளபட்டிக்குப் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், ஊர் வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவள் தரையில் வெள்ளைத் துணியை விரித்து, சாயம் ஏறாமல் இருக்க முடிச்சுப் போட வேண்டிய இடங்களில் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஊதாப் புள்ளிகள். கையில் அதே பேனா.

"வாங்கக்கா, இம்புட்டு தூரம் நீங்களே வந்துட்டீக!"

உட்காராமலேயே சொன்னேன். அன்று பென்சில் ஒடிந்தது, இந்தப் பேனாவில் எழுதியது, எண் அழிந்தது, இரண்டில் ஒன்று மோசமாக இருந்தது, தங்கச்சியுடையது நன்றாக இருப்பது. "தப்பு என்னோடதும்மா. சரியா விழலைன்னு சொன்னது பொய்."

அவள் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எழுதுனதா அது? தண்ணி பட்டாலே போயிருமேக்கா இது. புள்ளி தெரியக்கூடாதுன்னுதான இதை வச்சிருக்கோம். எதுல எழுதப் போறீகன்னு தெரிஞ்சிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேனே."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஊருக்கெல்லாம் மையைப் பற்றிப் பாடம் எடுத்த எனக்கு, அந்த வீட்டில் மையைப் பற்றித் தெரிந்த பெண்ணிடம் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே இருந்து வந்த இளையவள்தான் எகிறினாள். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நேத்து சாயங்காலம் போன் பண்ணுனீகளே! அப்பவே அக்காவுக்குத்தான்னு தெரியும்ல?" பயந்த சுபாவம் என்று நான் நினைத்ததும் தப்பு.

மூத்தவள் அவளைக் கை காட்டி நிறுத்தினாள். துணியை மடித்து வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "நடங்க, போவோம்" என்றாள். கலியாணச் சேலையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

பக்கத்துத் தெரு லேடி டாக்டர் மாதிரி எடுத்ததும் நான் பென்சிலை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே எழுதுறேன்."

எண் எழுதவில்லை. முகாமில் எண்ணாக இருந்தவள் தன் பெயரை, தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, அந்த அரை அங்குல இடத்துக்குள் நுணுக்கி எழுதினாள். தினமும் ஆயிரம் புள்ளி வைக்கிற கை, ஒரு எழுத்தும் பிசகவில்லை. நான் ஜாடியில் போட்டேன். எழுத்து ஏதும் கரைகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

அன்றே பார்த்தேன். இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை, முதல் சாலிலேயே அந்தக் கொத்து. சொரசொரப்பான ஓரத்தில் அவளுடைய பெயர், அதற்குக் கீழே அவளுடைய செல்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவள் மறுநாள் வந்தாள். காகிதத்தைக் கொடுக்கும் முன்பே வாயால் சொன்னேன். இருக்கிறது என்று சொன்னேன், எவ்வளவு ஆழம் என்று பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. "இருபது நாளு" என்றாள். "இருபது நாளும் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் உடம்புக்கா இது." எனக்கு அழுகை வந்தது, மறைக்க முடியவில்லை. அவள், "அழுதது போதும். ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க. அங்க டாக்டர் இங்கிலீஸ்ல என்ன பேசுனாலும் அதை அப்படியே எனக்குச் சொல்லணும். பூசக்கூடாது" என்றாள்.

போனேன். சதை எடுத்தார்கள், ஒரு வாரம் காத்திருந்தோம். ரிசல்ட் வந்த அன்று அந்த டாக்டர் பேசி முடிக்கும் வரை அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "சொல்லுங்க" என்றாள்.

"புத்துநோய்க்கு முந்தின நிலை. உள்ள இறங்கலை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாப் போதும்ங்கிறாரு. திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. அதனால விடாம வந்து சோதனை பண்ணணும்."

"திரும்ப வரும்னும் சொன்னாரா?"

"வரலாம்னு சொன்னாரு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. வாரேன்" என்றாள். இந்த முறை சொன்ன தேதிக்கு வந்தாள்.