மழை பெய்ததா என்று அத்தையைக் கேளுங்கள்

மழை பெய்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் மேகத்துக்குக் கிடையாது, கடவுளுக்கும் கிடையாது. என் அத்தைக்குத்தான் உண்டு. அவள் குறிக்காதவரை நீங்கள் தொப்பலாக நனைந்து நின்றாலும் அது மழை ஆகாது, வியர்வை. புயல்கூட அவளைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாகப் போகும்.

ஊரோரத்து வானிலை நிலையத்தில் கருவிகளைப் பார்த்து அளவு குறிப்பது அவள் வேலை. வேலிக்குள் புல்தரை, நடுவில் கால் முளைத்த வெள்ளைப் பெட்டி. உள்ளே இரண்டு வெப்பமானிகள். உலர்குமிழ் சும்மா நிற்கும். ஈரக்குமிழ் காய்ச்சல்காரன் மாதிரி ஈரத்துணி சுற்றிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவாள். அந்தத் துணியை அவள் மாற்றுகிற பக்குவத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்குக் கிடைத்ததெல்லாம் குட்டுதான். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் துப்பிய அன்று அவள் சொன்ன ஆறுதல்: "உன் மண்டைக்குள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்டா. சுத்திக்கிட்டே இருக்கும், எங்கயும் கரையைக் கடக்காது."

அப்பா அவளுடைய தம்பி, கட்டட மேஸ்திரி. போன வாரம் ஒரு நண்பகலில் அவர் கட்டிய சுற்றுச்சுவர் சரிந்தது. கீழே நின்ற சித்தாளின் இரண்டு கால்களும் நசுங்கின. அவர் சிமென்டில் கை வைப்பது ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்டரிடம் அவர் சொன்னது: "பேய் மழைங்க, அடிமண்ணு கரைஞ்சிடுச்சு." அன்று விழுந்தது தூறல். அதற்குத் தெருநாய்கூட எழுந்து ஒதுங்கவில்லை. மறுநாள் காலை வானிலை நிலையத்தில் மழை அளவைக் கேட்பதாகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். மழை என்றால் விபத்து. இல்லையென்றால் அப்பாவுக்கு ஜெயில்.

எங்களோடுதான் அத்தை இருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"அக்கா, காலையில மழைமானியப் பாக்கும்போது கொஞ்சம் கூட்டிப் போட்டுடு," என்றார் அப்பா.

"தூறல்டா அது. அளக்கக்கூடத் தேறாது."

"கூடப் பிறந்தவர் உள்ள போகப்போறார். நீங்க தூறலுக்கு வக்காலத்து வாங்குறீங்க," என்றாள் அம்மா. "வயித்துல ஒண்ணு பிறந்திருந்தா தெரிஞ்சிருக்கும், அண்ணி."

அத்தை தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

விடிந்ததும் அவளுக்கு முன்னால் போய் வேலியைத் தாண்டினேன். மழைமானியின் புனலில் இரண்டு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தேன். சுற்றிலும் புல்லையும் நனைத்தேன். என் மூளை அவ்வளவு தூரம் ஓடியதில் எனக்கே பெருமை. பிறகு சுற்றி வந்து நிலையத்து வாசலில் நல்ல பிள்ளையாக நின்றேன்.

அத்தை வந்தாள். மழைமானியில் சேர்ந்திருந்ததை அளவுக்குழலில் ஊற்றி, குனிந்து பார்த்தாள்.

"நேத்து நல்ல மழைடா."

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு அத்தை! மத்தியானம் பூரா!"

உள்ளே கூட்டிப்போய் ஒரு நீள அட்டையைக் கையில் கொடுத்தாள். வெளியே ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது; வெயில் அதன் வழியே விழுந்து அட்டையைச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கருகல் அறுந்துபோகும். நேற்றைய அட்டையில் கருகிய கோடு ஒரே ஒரு இடத்தில், நகக்கண் அளவுக்கு அறுந்திருந்தது.

"அதான் தூறல். மீதி நேரமெல்லாம் வெயில் காய்ஞ்சிருக்கு. எத்தனை பாட்டில்டா?"

"ரெண்டு," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அளவுக்குழலை ஜன்னல் வழியே கவிழ்த்தாள். தொலைபேசி அடித்தது. "லேசான தூறல்தாங்க," என்றாள். "சுவத்தைச் சாய்க்கிற மழை இல்லை." வைத்துவிட்டாள். என் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்ப அவளுக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை.

"அவரு உன் தம்பி, அத்தை."

"ஆமா. அடியில கிடந்தவளுக்கும் ஒரு அக்கா இருக்கா. ஆஸ்பத்திரியில பாத்துட்டுத்தான் நேத்து வீட்டுக்கு வந்தேன்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"கண்ணுல என்னடா?"

"தூசி. காத்துல வந்து விழுந்துடுச்சு."

அத்தை ஜன்னலுக்கு வெளியே கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். காற்றுவேகமானியின் மூன்று கிண்ணங்களும் அசையாமல் நின்றன.

"காத்தே இல்லையேடா," என்றாள்.